இத்தாலியில் பழைய நண்பர்களைச் சந்திக்க: முகவரி தேடுவது முதல் விடைபெறுவது வரை முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குப் போகும் பலர் முதலில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று ஊர்களை வரிசைப்படுத்தி, ரயிலும் விடுதியும் பதிவு செய்து முடித்த பிறகுதான் அங்கே இருக்கும் பழைய நண்பருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். பதில் அன்பாகவே வரும். ஆனால் நீங்கள் அவருடைய ஊரில் இருக்கப்போகும் ஒன்றரை நாளும் அவருக்கு வேலை நாளாக இருக்கும், இல்லையென்றால் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்கும் வாரமாக இருக்கும். கடைசியில் ரயில் நிலையத்துக் காபிக் கடையில் இருபது நிமிடம் நின்றபடியே பேசிவிட்டுப் பிரிய வேண்டியதாகிறது. பல வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது போதவே போதாது.

கொலோசியம் திங்கட்கிழமை போனாலும் வெள்ளிக்கிழமை போனாலும் அங்கேயே இருக்கும். நண்பருக்கு ஒழியும் வேளைகள் வாரத்தில் இரண்டோ மூன்றோதான். ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆள், அடுத்து அவருக்கு ஒழியும் கிழமை, அதற்குப் பிறகு ஊர், ரயில், விடுதி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கூட வேலை பார்த்த, கூடப் படித்த இத்தாலியர்களுக்கும், அங்கே குடியேறிய தமிழ் நண்பர்களுக்கும் பொதுவானவை இவை. வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

படி 1: ஆளைக் கண்டுபிடிப்பது

பழைய டைரியில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று கேட்டவுடன் பலர் விட்டுவிடுகிறார்கள். எண் செத்திருக்காது, அதை எழுதும் முறை மாறியிருக்கும். 1998 வரை இத்தாலியில் உள்ளூர் அழைப்புக்கு ஊர்க் குறியீடு தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு குறியீடு எண்ணின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது, முன்னால் இருக்கும் சுழியத்தோடு சேர்த்து. நம்மூரில் வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது ஊர்க் குறியீட்டின் சுழியத்தை விட்டுவிடுவோம். இத்தாலி வீட்டுத் தொலைபேசிக்கு அதை விடவே கூடாது. ரோம் எண் என்றால் நாட்டுக் குறியீடான 39க்குப் பிறகு 06, மிலான் என்றால் 02, பலெர்மோ என்றால் 091.

கைப்பேசிக்கு விதி நேர்மாறு. 2001க்கு முன்னால் கைப்பேசி எண்களும் சுழியத்தில் தொடங்கின. அந்த வருடம் சுழியத்தை எடுத்துவிட்டார்கள். டைரியில் 0347 என்று இருந்தால் 39 347 என்று போட வேண்டும். கைப்பேசி எண்கள் எல்லாம் 3 என்ற இலக்கத்தில்தான் தொடங்கும். சரியாகத் திருத்திய எண்ணை வாட்ஸ்அப்பில் சேர்த்துப் பாருங்கள். இத்தாலியில் ஏறத்தாழ எல்லோரும் அதில்தான் பேசுகிறார்கள், எழுபது வயதுப் பெரியவர்கள் உட்பட.

எண் கிடைக்கவில்லை என்றால் "பாஜினே பியான்கே" என்ற இணையத் தொலைபேசி விவரத் தொகுப்பில் குடும்பப் பெயரும் ஊரும் போட்டுத் தேடலாம். கைப்பேசி எண்களை அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தோழியைத் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இத்தாலியில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே சட்டப்படி வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் இருந்த அதே பெயரில் தேடினாலே போதும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் காகிதக் கடிதம் எழுதுங்கள். நண்பர் வீடு மாறியிருந்தாலும் அவருடைய பெற்றோர் பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பார்கள். உறையில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கட்டாயம். உள்ளே ஒரு பழைய புகைப்படத்தின் நகலும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணும் வையுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாக அனுப்பினால்தான் பதில் வந்துசேர நேரம் இருக்கும்.

ரோமில் படிக்கும் அல்லது பணிபுரியும் தமிழ்க் குருக்கள், அருட்சகோதரிகள் உங்கள் நண்பர்கள் என்றால் அவர்களுடைய சபையின் தலைமை இல்லத்துக்கு எழுதுங்கள். மறைமாவட்டம் அனுப்பிப் படிக்க வந்தவர்கள் பட்டம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகவே இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரோமின் திருச்சபைப் பல்கலைக்கழகங்கள் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகின்றன. கோடை மாதங்களில் மாணவக் குருக்கள் பலர் வேறு ஊர்ப் பங்குகளுக்கு உதவப் போய்விடுவார்கள்.

படி 2: எந்த மாதம், எந்தக் கிழமை

ஆகஸ்டைத் தவிருங்கள். 15ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ என்ற தேசிய விடுமுறை. அதை ஒட்டிய இரண்டு மூன்று வாரம் நகரத்துக் குடும்பங்கள் கடலுக்கோ மலைக்கோ கிளம்பிவிடும். மிலானில் உங்கள் நண்பர் வீட்டுத் தெருவில் ரொட்டிக் கடைகூடப் பூட்டியிருக்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. அவர் விடுமுறைக்குச் சொந்தக் கிராமத்துக்குப் போகிறவராக இருந்து, உங்களை அங்கே கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். வருடத்தில் அவருக்கு நேரமே நேரமாக இருக்கும் ஒரே மாதம் அதுதான்.

ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவை பொது விடுமுறைகள். இவை செவ்வாயிலோ வியாழனிலோ விழுந்தால் இடையில் உள்ள நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விடுவது வழக்கம். ஈஸ்டர் ஞாயிறு நெருங்கிய குடும்பத்துக்கு. மறுநாள் திங்கள் நண்பர்களோடு வெளியே போய் உண்ணும் நாள். உங்களைச் சேர்த்துக்கொள்ள மிகப் பொருத்தமான நாளும் அதுவே.

சாதாரண வாரத்தில் மூன்று வேளைகள் நம்பத்தக்கவை. ஞாயிறு மதிய உணவு முதலாவது. பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க நான்காகும். வெள்ளி அல்லது சனி இரவு உணவு இரண்டாவது. வேலை நாளில் மாலை ஆறரை முதல் எட்டு வரை அப்பெரித்தீவோ என்று ஒரு கோப்பை பானமும் கொறிக்க ஏதாவதுமாக உட்காருவார்களே, அது மூன்றாவது. ஒரே ஒரு சந்திப்பை மட்டும் வைக்காதீர்கள். முதலில் ஒரு மாலை அப்பெரித்தீவோ, இரண்டு நாள் கழித்து வீட்டில் சாப்பாடு என்று இரண்டாக வையுங்கள். வெகுநாள் கழித்துப் பார்க்கும்போது முதல் சந்திப்பு நலம் விசாரிப்பதிலும் பிள்ளைகள் படங்களைக் காட்டுவதிலும் கழிந்துவிடும். பேச வேண்டியதெல்லாம் இரண்டாவதில்தான் வரும்.

வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருக்கும் தமிழ் நண்பர்களுக்குக் கணக்கே வேறு. வேலை வீட்டிலேயே தங்கியிருப்பவர்களுக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு. ஞாயிறு முழுதும், கூடவே இன்னொரு நாளில் அரை நாள். அந்த அரை நாள் வழக்கமாக வியாழன் பிற்பகல். நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் வியாழன், ஞாயிறு இரண்டும் அடங்கும்படி பார்த்துக்கொண்டால் இரண்டு முறை பார்க்கலாம். அவர் வேலை செய்யும் வீட்டு வாசலுக்குப் போய் நிற்காதீர்கள். அவரே கூப்பிட்டாலொழிய சந்திப்பு வெளியில்தான்.

படி 3: செய்தியில் என்ன எழுதுவது

"இந்த வருடம் இத்தாலி வருகிறோம், பார்க்கலாம்" என்ற செய்திக்குக் கிடைக்கும் பதில் "கண்டிப்பாக!" என்பதோடு நின்றுவிடும். இரு பக்கமும் மனம் நிறைய அன்பு இருந்தும் நாள் குறிக்கப்படாததால் சந்திப்பு நடக்காமல் போகும். எழுத வேண்டியவை நான்கு: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நாட்டில் இருக்கிறீர்கள், கூட எத்தனை பேர், உங்களுக்குத் தோதான இரண்டு நாட்கள், தங்குவதற்கு விடுதி எடுக்கப்போகிறீர்கள் என்பது. நான்காவதைச் சொல்லாவிட்டால் வீட்டில் இடம் இல்லாத நண்பர் பதில் எழுதவே சங்கடப்படுவார். இடம் இருந்தால் அவரே "விடுதி எதற்கு?" என்பார்.

இரண்டு மாதம் முன்னால் முதல் செய்தி. நாள் முடிவானதும் அந்த ஊர் ரயிலைப் பதிவு செய்யுங்கள். பத்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல், முந்தின நாள் மாலை நேரமும் இடமும் கேட்டு ஒரு வரி. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது வராவிட்டால் திட்டம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பேசுவதாக இருந்தால் நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி. அவர்களுக்குப் பகல் ஒன்று முதல் மூன்று வரையும், இரவு எட்டு முதல் ஒன்பது வரையும் சாப்பாட்டு நேரம். அப்போது அழைக்காதீர்கள். அவர்களுக்கு மாலை ஏழு மணி சரியான நேரம்.

படி 4: விசாவும் 48 மணி நேர விதியும்

நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். விடுதி பதிவுக்குப் பதிலாக நண்பர் வீட்டைக் காட்டினால் அவர் இத்தாலிய வெளியுறவு அமைச்சின் அழைப்புக் கடிதப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டை நகலோடு அனுப்ப வேண்டும். அவர் இத்தாலியக் குடிமகன் இல்லை என்றால் வதிவிட அனுமதியின் நகலும் சேர வேண்டும். அடிக்கடி கெடுவது தேதிதான். கடிதத்தில் 10 முதல் 20 வரை என்று இருக்கும், விமான டிக்கெட் 9ஆம் தேதி இறங்குவதாக இருக்கும். அந்த ஒரு இரவுக்குத் தங்குமிடச் சான்று இல்லை என்று கேள்வி வரும். டிக்கெட் தேதிகளை உறுதி செய்த பிறகே கடிதம் கேளுங்கள்.

அடுத்தது நண்பர் செய்ய வேண்டிய கடமை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் அல்லாத ஒருவரை வீட்டில் தங்கவைப்பவர், உறவினராகவே இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1998ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இது. பெரிய ஊர்களில் குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகம் அல்லது காவல் நிலையம், காவல் அலுவலகம் இல்லாத சிற்றூர்களில் நகராட்சி. தவறினால் அபராதம் 160 முதல் 1,100 யூரோ வரை, அதுவும் நண்பர் மேல். பல இத்தாலியர்களுக்கே இந்த விதி தெரியாது. இரண்டு இரவுதானே என்று விட்டுவிடவும் கூடாது. வந்து சேரும் முன்பே உங்கள் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் விசாவையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டால் படிவத்தை அன்றே நிரப்பிவிடலாம். முத்திரையிட்ட நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உங்கள் கடமை. தோஹா, துபாய் வழியாக நேரே ரோமிலோ மிலானிலோ இறங்கினால் எல்லைச் சோதனையே உங்கள் வருகைப் பதிவாகிவிடும். பாரிஸ், ஃபிராங்ஃபர்ட் போன்ற இன்னொரு ஷெங்கன் நகரம் வழியாக நுழைந்தால் எட்டு நாளுக்குள் குவெஸ்தூராவில் வருகை அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விடுதியில் தங்கினால் அங்கே கையெழுத்திடும் பதிவே போதும். நண்பர் வீட்டில் மட்டும் தங்குகிறவர் தானே போயாக வேண்டும். வேலை மிச்சம் வேண்டும் என்றால் நேரே இத்தாலியில் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் முதல் இரவை விடுதியில் கழியுங்கள்.

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல் முறை வருகிறவர்களுக்கு வரிசை நீளும். அழைத்துப்போக நண்பர் விமான நிலையம் வருவதாக இருந்தால் விமானம் இறங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

படி 5: வீட்டிலா, விடுதியிலா

எங்கள் கருத்து: இரண்டு இரவுக்கு மேல் வீட்டில் தங்காதீர்கள். நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் குளியலறை ஒன்றோ இரண்டோதான். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்ப வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு விடுதிக்கு மாறிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு நகர வரி தனி. ரோமில் மூன்று நட்சத்திர விடுதிக்கு 6 யூரோ. நண்பர் வீட்டில் அது கிடையாது என்பதற்காக மட்டும் தங்கலை நீட்ட வேண்டாம்.

படி 6: ஊர் விட்டு ஊர்

அதிவேக ரயில்களை அரசின் திரெனித்தாலியாவும் தனியாரின் இத்தாலோவும் ஓட்டுகின்றன. மிலானிலிருந்து ரோம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபுளோரன்ஸிலிருந்து போலோஞா சுமார் 40 நிமிடம். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் 1 மணி 10 நிமிடம். ஆகவே இரண்டு ஊர் நண்பர்களை ஒரே ஊரில் தங்கிப் பார்த்துவிடலாம். அதிவேக ரயிலில் முன்கூட்டி எடுத்தால் விலை குறையும், ஆனால் மலிவான டிக்கெட்டை மாற்ற முடியாது. திரும்பும் டிக்கெட்டை மட்டும் சற்று அதிகம் கொடுத்து மாற்றக்கூடியதாக எடுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிற்றூர் நண்பருக்கு வட்டார ரயில். இதன் விலை நிலையானது, முன்பதிவு அவசியமில்லை. காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். கைப்பேசி டிக்கெட் என்றால் ஏறும் முன் செயலியில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டோடு அபராதம் கட்டுகிறவர்கள் எல்லாம் இந்த ஒரு படியை விட்டவர்கள்தான்.

வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். போக்குவரத்து அமைச்சின் தளத்தில் தேதிப் பட்டியல் இருக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அன்றைக்குச் சந்திப்பு இருந்தால் அந்த நேரத்துக்குள் நகர்ந்துகொள்ளுங்கள்.

ரோமிலிருந்து சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு ரயிலில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்துகிறார்கள். நேரம் இருப்பவர்கள் ஒருமுறையாவது அதில் போக வேண்டும். அவசரம் என்றால் விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பலும் உண்டு.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு நம்மூர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. பழைய நகரின் நடுப்பகுதிகள் பெரும்பாலும் ZTL என்ற பலகை வைத்த தடைப் பகுதிகள். கேமரா எண் பலகையைப் படம் பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து ஊருக்கு வரும். வாடகை நிறுவனம் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் பிடித்துக்கொள்ளும். நண்பர் வீடு அந்தப் பகுதிக்குள் இருந்தால், விருந்தினர் வண்டிக்கு அனுமதி வாங்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் பிறருக்கு ஒதுக்கியது.

படி 7: கையில் என்ன கொண்டுபோவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் பையில் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அது இல்லாமல் எடுத்துப் போனால் குப்பைக்குத்தான் போகும். தேங்காய், வாழைப்பழம் போன்ற ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு. கருவாடு கொண்டுபோகலாம், மீன் பொருளுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. இரண்டு அடுக்கு உறையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். மிளகு, ஏலக்காய், பொடி வகைகள், முறுக்கு எல்லாவற்றுக்கும் தடையில்லை. ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் திரவமாகக் கணக்கிட்டு எடுத்துவிடுவார்கள்.

இத்தாலிய நண்பருக்கு மிகப் பொருத்தமான பரிசு நம்மூர்க் காபி. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான், ஆனால் அது கலவைகளுக்குள் பெயர் தெரியாமல் போய்விடுகிறது. குடகு, ஏற்காடு என்று ஊர்ப் பெயர் போட்ட கால் கிலோ, கூடவே ஒரு எவர்சில்வர் ஃபில்டர். சிக்கரி கலக்காததாக வாங்குங்கள். காபி கிடைக்காத போர்க்காலத்தில் மாற்றாகக் குடித்தது என்ற நினைவுதான் அங்கே சிக்கரிக்கு உண்டு.

வெறுங்கையோடு ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். வழியில் ஒரு பஸ்திச்செரியாவில் சிறு இனிப்புகளைத் தட்டில் அடுக்கித் தரச் சொன்னால் காகிதம் சுற்றி நாடா கட்டித் தருவார்கள். ஆறு பேருக்கு முக்கால் கிலோ தாராளம். பகல் ஒரு மணிக்குக் கடை மூடிவிடலாம் என்பதால் பன்னிரண்டுக்குள் வாங்கிவிடுங்கள். பூ கொடுப்பதானால் செவ்வந்தி மட்டும் வேண்டாம், அது கல்லறைக்கு உரிய பூ.

படி 8: வாசலைக் கண்டுபிடிப்பது

இத்தாலிய அடுக்குமாடி வாசலில் வீட்டு எண்கள் இருக்காது, குடும்பப் பெயர்கள்தான் இருக்கும். ஒரே பொத்தானுக்குக் கணவர் பெயரும் மனைவி பெயரும் தனித்தனியாக இருக்கலாம். நண்பரிடம் நான்கு விவரம் கேளுங்கள்: கட்டட எண், அழைப்பு மணியில் உள்ள பெயர், எந்தப் படிக்கட்டு, எத்தனையாவது மாடி. தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி, நம்மூர்க் கணக்கேதான்.

ஃபுளோரன்ஸிலும் ஜெனோவாவிலும் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள். கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு. சிவப்பு 20க்கும் கறுப்பு 20க்கும் இடையே நல்ல தூரம் இருக்கக்கூடும். வெனிஸில் தெருவாரியாக எண் இல்லை. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்து, பகுதி முழுவதற்கும் ஒரே வரிசை ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. "கன்னரேஜோ, 3000 சொச்சம்" என்பதை வைத்து யாரும் வீடு கண்டுபிடிக்க முடியாது. சந்தின் பெயரும் அருகில் உள்ள படகுத்துறைப் பெயரும் வேண்டும். வெனிஸ் நண்பர் என்று நாம் சொல்கிறவர் பெரும்பாலும் கரையில் உள்ள மெஸ்த்ரேயில்தான் வசிப்பார். ரயில் பதிவு செய்யும் முன் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

சொன்ன நேரத்துக்கு ஐந்து, பத்து நிமிடம் பிந்தலாம், முந்த வேண்டாம். உள்ளே நுழையும்போது "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்டு நுழைவது மரியாதை. செருப்பைக் கழற்றலாமா என்று கேளுங்கள், வெறுங்காலோடு நடப்பது அங்கே பழக்கமில்லை. நண்பரின் பெற்றோரை "புவோன்ஜோர்னோ" என்று வணங்குங்கள், "சாவ்" என்பது சம வயதினருக்கு.

படி 9: சாப்பாட்டு மேசையில்

பாஸ்தா வந்தவுடன் அதுவே சாப்பாடு என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் பிறகு வரும் தட்டுகளைத் தொட முடியாது. முதலில் அந்திபாஸ்தோ, பிறகு பிரீமோ என்ற பாஸ்தா அல்லது அரிசி, அதன் பின் செகோந்தோ என்ற இறைச்சியோ மீனோ, கூட்டுக்குக் காய்கறி, பழம், இனிப்பு, கடைசியில் காபி. ஒவ்வொன்றிலும் சிறிதாக எடுத்துக்கொண்டு, பிடித்ததில் மட்டும் இரண்டாம் முறை கேளுங்கள். சமைத்தவருக்கு அது பெரிய மகிழ்ச்சி.

சைவம் என்பதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடலாம். இறைச்சி, மீன், நெத்தலி, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ரிசோத்தோவில் இறைச்சிச் சாறு, பியாதீனா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, பன்னா கோத்தாவில் ஜெலட்டின் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் அசைவம் இருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியிலும் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்கிறது. கடுஞ்சைவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தக்காளிப் பாஸ்தா, பூண்டும் எண்ணெயும் சேர்த்த பாஸ்தா, கொண்டைக்கடலைப் பாஸ்தா, சிசிலியின் கத்தரிக்காய்க் கப்போனாத்தா, பலெர்மோவின் கடலைமாவுப் பனெல்லே என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டால் சமைப்பவருக்கு வேலை எளிது.

உணவகத்தில் அழைத்தவர் பணம் கொடுப்பது வழக்கம். நீங்கள் கொடுக்க விரும்பினால் பில் மேசைக்கு வருமுன் எழுந்துபோய்க் கட்டிவிடுங்கள். மேசைமேல் இழுபறி வேண்டாம். பெரிய கூட்டம் என்றால் தலைக்குச் சமமாகப் பிரிப்பார்கள். நான் பாஸ்தா மட்டும்தான் சாப்பிட்டேன் என்று கணக்குப் பார்ப்பது நன்றாக இருக்காது. ரொட்டிக்கும் மேசைக்குமாகக் கோப்பெர்த்தோ என்று தலைக்கு ஓரிரு யூரோ பில்லில் சேரும்.

படி 10: வீட்டில் தங்கும்போது

பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட். அடுப்புச் சூளையும் துணி இயந்திரமும் ஓடும்போது நீங்கள் தலைமுடி உலர்த்தியைப் போட்டால் மீட்டர் விழுந்துவிடும், அதைத் தூக்கிவிட யாராவது கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். எதையும் போடும் முன் கேளுங்கள். நம் கைப்பேசிச் சார்ஜரின் இரண்டு முனைப் பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனைப் பிளக் பொருந்தாது.

கழிப்பறையில் பிதே என்ற தாழ்ந்த தொட்டி இருக்கும், கழுவிக்கொள்ள. அதன் அருகில் தொங்கும் சிறு துண்டு அதற்கு மட்டும்தான், முகம் துடைக்க எடுக்காதீர்கள். குப்பையை உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மற்றவை என்று பிரிப்பார்கள். தவறாகப் போட்டால் எடுத்துப்போகாமல் விட்டுவிடுவார்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை அடுக்குமாடியில் சத்தம் கூடாது. காலை உணவு பிஸ்கட்டும் பால் காபியும்தான், இட்லிக்குப் பழகிய வயிற்றுக்குப் பற்றாது. ஒரு நாள் நீங்கள் சமைப்பதாகச் சொல்லுங்கள். தாளிப்புப் புகைக்கு ஜன்னலைத் திறந்துகொண்டு, காரத்தைப் பாதியாகக் குறைத்து, சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்தால் போதும்.

பலெர்மோ நண்பர்களுக்காக ஒரு குறிப்பு

இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பலெர்மோவில் பல காலமாக வாழ்கின்றன. நகரின் காவல் புனிதை ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவராக நம்பப்படுகிறார். பெல்லெக்ரீனோ மலைக் குகைக் கோயிலுக்குத் தமிழர்கள், இந்துக்கள் உட்பட, ஞாயிறு தோறும் போய் வேண்டிக்கொள்கிறார்கள். நண்பரோடு அந்த மலைக்குப் போய்வருவது பலெர்மோவில் நீங்கள் செலவிடக்கூடிய மிக நல்ல காலைப் பொழுது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், ஏறுவதற்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஜூலை 14 இரவு ஊர்த் திருவிழா, செப்டம்பர் 4 மலையேற்ற நாள். அந்த இரண்டு தேதிகளில் தங்குமிடத்தை வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்.

நண்பர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால்

வெகுகாலம் கழித்துத் தேடும்போது இதுவும் நடக்கும். பயணத்தை விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்கு எழுதி, வரலாமா என்று கேளுங்கள். அவர்கள் பார்த்திராத வயதில் நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்லப்போவது அவர்களுக்கு வேண்டும். பழைய படங்களின் நகலை எடுத்துச் செல்லுங்கள். கல்லறை பெரும்பாலும் நகராட்சி மயானத்தில் இருக்கும். முழுப் பெயரும் இறந்த வருடமும் கொடுத்தால் அலுவலகத்தில் இடத்தைச் சொல்வார்கள். பகலில் மூடும் நேரம் உண்டு, காலையில் போவது நல்லது. செவ்வந்தியை இங்கே வாங்கிப் போகலாம். நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள், அன்றைக்கு ஊரே மயானத்தில் இருக்கும்.

விடைபெறும்போது

இத்தாலியில் விடைபெறுவதற்கு நேரம் பிடிக்கும். மேசையிலிருந்து எழுந்ததும் ஒரு பேச்சு, கதவருகில் ஒன்று, கீழே வாசலில் இன்னொன்று. ரயில் 6 மணிக்கு என்றால் ஐந்தேகாலுக்கே கிளம்ப வேண்டும் என்று சாப்பாட்டின்போதே சொல்லி வையுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு நீண்ட தூர அதிவேக ரயில் கிடைப்பது அரிது. படுக்கை விரிப்பை மடித்து வையுங்கள், பணம் எதுவும் வைக்காதீர்கள், அது மனதைப் புண்படுத்தும். அன்றிரவே ஒரு நன்றிச் செய்தி, அதோடு அன்று எடுத்த படங்கள். அவர்கள் உங்கள் ஊருக்கு வர நினைத்தால் எந்த மாதம் தோதானது, வெயில் எப்படி இருக்கும், விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்பதை ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்பிவிடுங்கள்.